பள்ளிக்கு வரும் தெரபிஸ்ட் பள்ளியின் ஆள் இல்லையா? அயோவாவின் வட்டாரக் கல்வி முகமை (ஏஇஏ) பற்றி

கேள்வி, 6 பிப்ரவரி 2024

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போன வருடம் குடிவந்தோம். பையனுக்கு மூன்றரை வயது, பேச்சு குறைவு. பள்ளியில் கேட்டால் "ஏஇஏ-விலிருந்து வந்து பார்ப்பார்கள்" என்கிறார்கள். செய்தியில் பார்த்தால் அந்த ஏஇஏ-வையே ஆளுநர் வெட்டப்போகிறார் என்று சண்டை. இது அரசு அலுவலகமா, தனியார் கம்பெனியா? காசு கேட்பார்களா? ஊர்ப் பள்ளிகளை நடத்தப் பள்ளி மாவட்டம் என்று ஒன்று இருக்கும்போது அதற்குப் பக்கத்தில் இன்னொரு அலுவலகம் எதற்கு? எனக்கு வீண் செலவாகத்தான் தெரிகிறது.

பதில், 6 பிப்ரவரி 2024, இரவு

காசு கிடையாது. மதிப்பீட்டுக்கும் கிடையாது, அதற்குப் பிறகு தெரபி கொடுத்தால் அதற்கும் கிடையாது. மெடிக்கெய்டு (குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருந்தால் அதில் பணம் கேட்டுக்கொள்ளலாமா என்று ஒரு படிவம் வரலாம். வேண்டாம் என்று சொன்னாலும் பையனுக்குச் சேவை நிற்காது.

நாளைக்கே பள்ளி முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "என் மகனுக்குச் சிறப்புக் கல்வி மதிப்பீடு வேண்டும்" என்று ஒரே வரி போதும். வாசலில் நின்று வாயால் சொன்னதற்குத் தேதி இல்லை, எழுத்தில் கேட்டதற்கு உண்டு. பள்ளி ஒரு சம்மதப் படிவம் தரும். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். விடுமுறை நாட்களும் இந்த 60-இல் சேர்த்தி.

ஏஇஏ என்றால் வட்டாரக் கல்வி முகமை. பொது அமைப்பு, தனியார் இல்லை. மாநிலத்தில் மொத்தம் 9: கீஸ்டோன், பிரெய்ரி லேக்ஸ், சென்ட்ரல் ரிவர்ஸ், மிசிசிப்பி பெண்ட், கிராண்ட் வுட், ஹார்ட்லேண்ட், நார்த்வெஸ்ட், கிரீன் ஹில்ஸ், கிரேட் பிரெய்ரி. ஆறு, புல்வெளி, ஏரி, நடுவில் கிராண்ட் வுட் என்ற ஓவியர். உங்கள் ஊர் எதில் வருகிறது என்பதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

அவர்களுக்குச் சொந்தமாக வரி போடும் அதிகாரம் இல்லை. மாநில நிதி, ஃபெடரல் (மத்திய அரசு) நிதி, பள்ளி மாவட்டத்துச் சொத்து வரியில் ஒரு பங்கு, இந்த மூன்றில்தான் ஓடுகிறது.

7 பிப்ரவரி 2024

"வீண் செலவு" என்றதற்கு நேற்றுப் பதில் சொல்லவில்லை. அது ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை.

என் மகன் கோயம்புத்தூரில் பிறந்தவன். பிறந்தபோது காது சோதனை எதுவும் செய்யவில்லை. இங்கே கிண்டர்கார்டனில் சேர்ந்த வருடம், ஒரு பெண்மணி சின்னப் பெட்டியும் ஹெட்ஃபோனும் எடுத்துக்கொண்டு வந்து எல்லாக் குழந்தைகளுக்கும் வரிசையாகக் காது சோதித்தார். ஏஇஏ-விலிருந்து வந்தவர். அதில்தான் இரண்டு காதிலும் குறை இருப்பது தெரிந்தது. அதுவரை நாங்கள் "கூப்பிட்டால் திரும்பமாட்டான், பிடிவாதக்காரன்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு ஒரு ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறன் நிபுணர், வந்தார். காதுக் கருவியை நாங்கள் மருத்துவமனையில் வாங்கினோம். ஆனால் வகுப்பறையில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தவர் இவர்தான். ஆசிரியர் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு மைக், அந்தச் சத்தம் நேராகப் பையனின் கருவிக்குப் போக ஒரு ரிசீவர், இரண்டையும் கொண்டுவந்து பொருத்தினார். வகுப்பில் உட்கார்ந்து இரைச்சலை அளந்தார். நாற்காலிக் கால்களில் பழைய டென்னிஸ் பந்தை வெட்டி மாட்டச் சொன்னார். நாற்காலி இழுபடும் சத்தம் நமக்கு ஒன்றுமில்லை, கருவி போட்ட காதுக்கு அது இடி. காது கேளாத குழந்தைகளுக்கென்றே பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரும் ஊர் ஊராகக் கார் ஓட்டிக்கொண்டு வந்து, பையனைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தருவார்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த மாநிலத்தில் 300-க்கும் மேல் பள்ளி மாவட்டங்கள். பல மாவட்டங்களில் கிண்டர்கார்டன் முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லோரையும் சேர்த்தாலே சில நூறு பேர்தான். எங்கள் மாவட்டத்தில் காதுக் கருவி போட்ட பிள்ளை என் மகன் ஒருவன். அவனுக்காக ஓர் ஆடியாலஜிஸ்ட்டை முழுநேரச் சம்பளத்தில் எந்தக் கல்வி வாரியமும் வைக்காது, வைக்கவும் முடியாது. பெரிய ஊரில் இருக்கும் பிள்ளைக்கு எப்படியாவது ஆள் கிடைத்துவிடும். சோள வயலுக்கு நடுவில் இருக்கும் பள்ளிக்கு, பல மாவட்டங்கள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொண்டால்தான் உண்டு. ஏஇஏ இருப்பதற்கு முதல் காரணமே இதுதான்.

7 பிப்ரவரி 2024, பிறகு

வரலாறு கேட்டவருக்கு. அயோவாவின் 99 கவுண்டிகளிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி, பள்ளி மாவட்டம் வேறு) பழைய காலத்தில் கவுண்டி அளவில் கல்வி அலுவலகம் இருந்தது. 1974-இல் மாநிலச் சட்டமன்றம் அந்த ஏற்பாட்டை மாற்றி ஏஇஏ-க்களை உருவாக்கியது. 1975 ஜூலை 1 முதல் 15 முகமைகள், சமுதாயக் கல்லூரிகளின் எல்லைகளையே ஒட்டி. ஊனமுற்ற குழந்தைகள் அனைவருக்கும் கல்வி தர வேண்டும் என்ற ஃபெடரல் சட்டத்தில் அதிபர் ஃபோர்டு கையெழுத்துப் போட்டது அதே 1975 நவம்பரில். சட்டம் வந்தபோது அயோவாவில் அதைச் செய்ய ஆட்கள் ஏற்கெனவே வேலையில் சேர்ந்திருந்தார்கள்.

பிறகு கிராமப்புறத்தில் பிள்ளைகள் குறையக் குறைய முகமைகளும் ஒன்றோடொன்று இணைந்து 9 ஆயின. சென்ட்ரல் ரிவர்ஸ் முகமைக்கு முன்பு "ஏஇஏ 267" என்று பெயர். 2, 6, 7 ஆகிய மூன்று முகமைகள் சேர்ந்தது என்று பொருள், இருநூற்று அறுபத்தேழாவது முகமை என்று இல்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மீதி 266 எங்கே என்று கேட்பார்கள்.

11 பிப்ரவரி 2024

சிறப்புக் கல்வியைப் பற்றி மட்டும் எழுதியதால், ஏஇஏ என்றால் தெரபிஸ்ட்கள் மட்டும்தான் என்று சிலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நான் இப்போது பள்ளியில் பாராவாக வேலை செய்கிறேன், அதாவது சிறப்புக் கல்விப் பிள்ளைகளுக்கு வகுப்பில் கூடவே இருந்து உதவுகிறவர். உள்ளே வந்த பிறகுதான் மீதியும் கண்ணில் பட்டது.

வேன் வரும். புத்தகம், அறிவியல் பெட்டி, ரோபோ செட், கணிதப் பொருட்கள் என்று ஆசிரியர் கேட்டதை இறக்கிவிட்டு, முடித்ததை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும். எங்கள் பள்ளி நூலகம் ஒரு படுக்கையறை அளவுதான். ஆனால் மூன்றாம் வகுப்பு ஆசிரியர் ஒரே புத்தகத்தில் வகுப்புக்கே போதுமான பிரதிகள் கேட்டால் வேன் கொண்டுவந்துவிடும். பிள்ளைகளுக்கு அந்த ஓட்டுநர் பள்ளி முதல்வரைவிடப் பெரிய ஆள்.

அப்புறம் ஆசிரியர் பயிற்சி, உரிமம் புதுப்பிக்கத் தேவையான வகுப்புகள், மாற்று ஆசிரியராக வர விரும்புகிறவர்களுக்கான பயிற்சி, பாராக்களுக்கான சான்றிதழ், குழந்தை வன்கொடுமையைப் புகாரளிக்கும் கட்டாயப் பயிற்சி. பல மாவட்டங்கள் சேர்ந்து மொத்தமாக உணவுப்பொருளும் தளவாடமும் வாங்குவது. அச்சு வேலை. பாடத்திட்டம் மாறினால் எல்லாப் பள்ளிக்கும் வந்து விளக்குகிற ஆட்கள். எங்கள் ஊரில் சூப்பரிண்டெண்ட் (பள்ளி மாவட்டத்தின் தலைமை அலுவலர்) ஒருவர், கணக்கர் ஒருவர், இரண்டு முதல்வர்கள். அவ்வளவுதான் நிர்வாகம். இதையெல்லாம் அவர்கள் எப்போது உட்கார்ந்து செய்வது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜனவரி 4 அன்று அயோவாவின் பெர்ரி ஊர் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இறந்தது. காயம்பட்ட முதல்வர் பத்து நாள் கழித்து இறந்தார். பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் உட்கார்ந்து பேச ஏஇஏ-க்களின் நெருக்கடி உதவிக் குழுக்கள் அந்த ஊருக்குப் போயின. சாதாரண நாளில் இவர்கள் பள்ளி உளவியலாளராகவும் சமூகப் பணியாளராகவும் வேலை செய்கிறவர்கள்தான். ஐந்தே நாளில், ஜனவரி 9 அன்று, ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் தன் ஆண்டு உரையில் ஏஇஏ-க்களை மாற்றியமைக்கப்போவதாக அறிவித்தார். இங்கே இருப்பவர்களுக்கு அந்த இரண்டு தேதிகளும் சேர்ந்தே ஞாபகத்தில் நிற்கும்.

12 பிப்ரவரி 2024

தமிழ்நாட்டின் வட்டார வள மையம் மாதிரியா என்று கேட்டவருக்கு: வேலையில் கொஞ்சம் ஒற்றுமை உண்டு. அங்கும் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் பள்ளி பள்ளியாகப் போகிறார்கள், ஆசிரியர் பயிற்சியும் அங்கே நடக்கிறது. ஆனால் வள மையம் மாநிலத் திட்டத்தின் கீழே வரும் கை. ஏஇஏ-வுக்குத் தனி வாரியம் உண்டு, அதன் உறுப்பினர்களை அந்த வட்டாரத்தின் கல்வி வாரியங்கள் தேர்ந்தெடுக்கின்றன.

25 பிப்ரவரி 2024

ஏஇஏ-க்களை மாற்றும் சட்ட மசோதா விவாதத்தை இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பு எழுதியதில் நான் முழுக்க ஒரு பக்கம் நின்றேன். நிற்கும் இடம் மாறவில்லை, ஆனால் எதிர்த்தரப்பு சொல்வதையும் முழுதாக எழுத வேண்டும்.

அவர்களுடைய வாதம் இது. அயோவா சிறப்புக் கல்விக்கு நிறையச் செலவு செய்கிறது, ஆனால் தேசியத் தேர்வில் ஊனமுள்ள மாணவர்களின் மதிப்பெண் மற்ற மாநிலங்களுக்குப் பின்னால் இருக்கிறது. பணம் பள்ளி மாவட்டத்தின் கையைத் தொடாமலே ஏஇஏ-வுக்குப் போகிறது. சேவை பிடிக்கவில்லை என்றால் மாவட்டம் வேறு இடத்தில் வாங்கவும் வழியில்லை. முகமையையே மேற்பார்வை பார்ப்பதும் பெரும்பாலும் முகமைதான்.

இதில் கடைசி இரண்டையும் நான் லேசாகத் தள்ள மாட்டேன். ஒரு வருடம் எங்கள் பள்ளிக்கு வந்த ஸ்பீச் தெரபிஸ்ட் வேலையை விட்டுப் போய்விட்டார். மாற்று ஆள் வரப் பல மாதம் ஆனது. ஐஇபி-யில் (ஒவ்வொரு சிறப்புக் கல்விப் பிள்ளைக்கும் தனியாக எழுதும் கல்வித் திட்டம்) எழுதியிருந்த தெரபி நேரம் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. பள்ளியைக் கேட்டால் முகமையைக் கை காட்டினார்கள், முகமையைக் கேட்டால் "ஆள் தேடுகிறோம்" என்றார்கள். பெற்றோருக்கு யாரிடம் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பொறுப்பு இரண்டு இடத்தில் இருந்தால் இப்படி ஆகும்.

ஆனால் பணத்தை மாவட்டத்தின் கையில் கொடுத்தால் அந்தத் தெரபிஸ்ட் வந்திருப்பாரா? ஆளே கிடைக்காத ஊரில் காசோலை மட்டும் கிடைத்து என்ன பயன்? பெரிய மாவட்டம் அந்தப் பணத்தில் தன் ஆளைத் தானே வைத்துக்கொள்ளும். சின்ன மாவட்டம் மீண்டும் முகமையிடம்தான் வர வேண்டும், அப்போது முகமை இப்போதைவிட மெலிந்திருக்கும். மதிப்பெண் வாதத்திலும் ஒரு இடைவெளி இருக்கிறது. வகுப்பில் பாடம் நடத்துவது மாவட்டத்தின் ஆசிரியர்கள். பிள்ளையின் தேவையை அடையாளம் காண்பதும் தெரபி கொடுப்பதும் ஏஇஏ. வாசிப்பு மதிப்பெண் குறைந்ததற்கு ஏஇஏ-வை மட்டும் எப்படிப் பிடிப்பது?

28 மார்ச் 2024

நேற்று ஆளுநர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏஇஏ சிறப்புக் கல்வி மட்டும்தான் செய்ய வேண்டும் என்று ஜனவரியில் சொன்னது, எதிர்ப்பு வலுத்த பிறகு தளர்ந்திருக்கிறது. இறுதிச் சட்டத்தில் இருப்பது:

வேன், நூலகம், ஆசிரியர் பயிற்சி போன்ற ஊடக, கல்விச் சேவைகளுக்கான பணத்தில் 2024-25-இல் 40 சதவீதம் மாவட்டத்துக்கு, 60 சதவீதம் ஏஇஏ-வுக்கு. அதற்கு அடுத்த வருடத்திலிருந்து முழுப் பணமும் மாவட்டத்தின் கைக்கு. விரும்பினால் ஏஇஏ-விடம் வாங்கலாம், இல்லாவிட்டால் வேறு வழியில் செலவழிக்கலாம்.

சிறப்புக் கல்விப் பணம் 2024-25-இல் முழுவதும் ஏஇஏ-வுக்கு. 2025-26 முதல் 90 சதவீதம் ஏஇஏ-வுக்கு, 10 சதவீதம் மாவட்டத்தின் விருப்பத்துக்கு. மேற்பார்வை மாநிலக் கல்வித் துறையின் புதிய பிரிவுக்குப் போகிறது.

இதே சட்டத்தில் ஆசிரியர்களின் குறைந்தபட்சத் தொடக்கச் சம்பளம் 33,500 டாலரிலிருந்து அடுத்த கல்வியாண்டில் 47,500 ஆகவும், அதற்கடுத்து 50,000 ஆகவும் உயர்கிறது. அது நல்லது, தேவையானது. ஆனால் அதையும் இதையும் ஒரே கட்டாகக் கட்டியதால், ஆசிரியர் சம்பளம் உயர வேண்டும் என்று நினைத்த உறுப்பினர்கள் ஏஇஏ வெட்டையும் சேர்த்தே விழுங்க வேண்டியதாயிற்று. இரண்டையும் தனித்தனியாக வாக்கெடுப்புக்கு விட்டிருக்கலாம்.

30 மார்ச் 2024

"ஏஇஏ மூடிவிட்டார்கள், இனி தனியார் தெரபிக்குப் போக வேண்டியதுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. மதிப்பீடு, ஐஇபி, தெரபி எல்லாம் ஃபெடரல் சட்டப்படி உங்கள் பிள்ளைக்கு உள்ள உரிமை. மாநிலம் பணத்தை எந்தப் பாதையில் அனுப்பினாலும் அந்த உரிமை அப்படியே இருக்கும். நடந்துகொண்டிருக்கும் மதிப்பீட்டை இந்த வதந்தியைக் கேட்டு யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

மூன்று வயது ஆகாத குழந்தை என்றால் எர்லி ஆக்சஸ் என்ற திட்டத்தில் கேளுங்கள். மருத்துவர் கடிதம் தேவையில்லை, பெற்றோரே கூப்பிடலாம். கூப்பிட்டு 45 நாட்களுக்குள் முதல் திட்டக் கூட்டம் நடக்க வேண்டும். வீட்டுக்கே வருவார்கள்.

2 ஏப்ரல் 2024

மற்ற மாநிலங்களில் எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தெரிந்ததை எழுதுகிறேன்.

நியூயார்க்கில் இந்த மாதிரி முகமையைப் போசீஸ் என்பார்கள், 1948-இல் ஆரம்பித்தது, இப்போது 37. மாவட்டங்கள் தேவையான சேவையைத் தேர்ந்தெடுத்து வாங்கும், செலவில் ஒரு பங்கை மாநிலம் அடுத்த வருடம் திருப்பித் தரும். நியூயார்க் நகரம் போன்ற ஐந்து பெரிய நகரங்கள் இதற்கு வெளியே. டெக்சாஸில் 20 சேவை மையங்கள். டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நம் மக்களில் பலருக்கு இது தெரியாது, ஆனால் அவர்கள் பிள்ளைகள் ஏறும் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் பெரும்பாலும் அங்கேதான் பயிற்சி எடுத்திருப்பார். பென்சில்வேனியாவில் 29 முகமைகள். மிச்சிகனில் வாக்காளர்கள் சம்மதித்தால் வட்டார முகமையே சொத்து வரி வாங்க முடியும், அதனால் அவை பலமானவை.

அயோவா இப்போது போகிற திசையில் விஸ்கான்சின் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அங்கே 12 முகமைகள், மாவட்டங்களோடு ஒப்பந்தம் போட்டுத்தான் பிழைப்பு. அங்கேயும் பிள்ளைகள் தெரபி பெறுகிறார்கள். அதனால் இந்த மாற்றத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். என் கவலை வேறு. ஒப்பந்தம் வருடா வருடம் வருகிற விஷயம். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாத இடத்துக்கு, படித்து முடித்த ஆடியாலஜிஸ்ட் ஏன் வர வேண்டும்? மருத்துவமனை கூடுதல் சம்பளத்தோடு கூப்பிடுகிறது.

1 செப்டம்பர் 2024

பள்ளி திறந்து ஒரு வாரம். ஏஇஏ-க்களிலிருந்து வசந்த காலத்திலேயே பலர் விலகிவிட்டார்கள், சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே. எங்கள் கணிதப் பயிற்சியாளர் போய்விட்டார். காது கேளாதோர் ஆசிரியர் இருக்கிறார், ஆனால் இன்னும் சில ஊர்கள் அவர் தலையில் சேர்ந்திருக்கின்றன.

வேறு ஒன்றை எழுதத்தான் வந்தேன். "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று ஒரு ஆசிரியர் சொன்னார், என்ன செய்ய?" என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. மதிப்பீட்டுக்கு வருகிறவரிடம், குழந்தை வீட்டில் தமிழில் என்னென்ன சொல்கிறது என்பதை எழுதிக் கொடுங்கள். இயன்றவரை குழந்தையின் சொந்த மொழியில் மதிப்பிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உரைபெயர்ப்பாளர் கேட்கலாம், அதற்கும் காசில்லை. ஆங்கிலம் தெரியாததைக் குறைபாடு என்று எழுதக்கூடாது. மறுபக்கம், நிஜமான குறைபாட்டை "ஆங்கிலம் வந்தால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடவும் கூடாது. எங்கள் பள்ளியில் தமிழ்ப் பிள்ளை ஒன்றுக்கு இரண்டாவதுதான் நடந்தது. ஒரு வருடம் வீணானது. அந்தப் பிள்ளைக்குத் தமிழிலேயே வாக்கியம் வரவில்லை என்பதை அவன் பாட்டி சொல்லிக்கொண்டிருந்தார், கேட்க ஆளில்லை.

மதிப்பீட்டு முடிவை ஏற்க முடியவில்லை என்றால், வெளியே ஒரு நிபுணரை வைத்துப் பொதுச் செலவில் இன்னொரு மதிப்பீடு கேட்கும் உரிமையும் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

9 ஜூலை 2025

ஜூலை 1 முதல் சட்டம் முழுதாக அமலுக்கு வந்துவிட்டது. வேனுக்கும் நூலகத்துக்கும் பயிற்சிக்கும் உரிய பணம் இப்போது உங்கள் மாவட்டத்தின் கணக்கில். அதனால் இனி கேட்க வேண்டிய இடம் உங்கள் ஊர்க் கல்வி வாரியக் கூட்டம். மாதம் ஒரு முறை நடக்கும், யார் வேண்டுமானாலும் போகலாம், பேசலாம். நம் ஆட்கள் இந்தக் கூட்டங்களுக்குப் போவதே இல்லை. ஊரில் கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போகிறவர்கள்கூட இங்கே போவதில்லை. போங்கள்.

போனால் இதைக் கேளுங்கள்: ஏஇஏ-விடம் இந்த வருடம் எந்தெந்தச் சேவையை வாங்குகிறீர்கள், எதை விட்டீர்கள், விட்டதை யார் செய்கிறார்கள்? சிறப்புக் கல்வியில் மாவட்டத்தின் விருப்பத்துக்கு வந்த 10 சதவீதம் எதற்குப் போகிறது? பாராக்களின் சம்பளத்துக்குப் போனால் அதைக் குறை சொல்ல முடியாது, அந்தச் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கே போகிறது என்பது பெற்றோருக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் வாரியம் வேன் சேவையை வைத்துக்கொண்டது. நூலகர் கூட்டத்தில் எழுந்து, எந்த வகுப்பு என்னென்ன எடுத்தது என்று பட்டியலைப் படித்தார். ஒரு விவசாயி, வாரிய உறுப்பினர், "இதை நாமே வாங்கினால் எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டார். பதிலைக் கேட்ட பிறகு யாரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. பக்கத்து மாவட்டம் விட்டுவிட்டது.

14 அக்டோபர் 2025

அயோவாவுக்குள்ளேயே வேறு ஊருக்கு மாறுகிறவர் கேட்டதற்கு. ஐஇபி உங்களோடு வரும். புது மாவட்டம் முதல் நாளிலிருந்து அதற்கு ஈடான சேவையைக் கொடுத்துக்கொண்டே, அதை ஏற்கலாம் அல்லது புதிதாக எழுதலாம். வெளி மாநிலம் போனாலும் இடைக்காலத்தில் ஈடான சேவை உண்டு, ஆனால் அவர்கள் மறுபடி மதிப்பிட வாய்ப்பு அதிகம். போகும் முன் கடைசி மதிப்பீட்டு அறிக்கை, ஐஇபி, காது சோதனை வரைபடம் மூன்றுக்கும் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிகளுக்கு இடையே கோப்பு நகர்வதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

மைக், ரிசீவர் போன்ற கருவிகள் பெரும்பாலும் முகமைக்குச் சொந்தம், நீங்கள் கொண்டுபோக முடியாது. புது ஊர் வேறு ஏஇஏ-வில் வந்தால், பழைய ஆடியாலஜிஸ்ட்டிடம் சொல்லி அங்கே இருப்பவரை முன்கூட்டியே கூப்பிடச் சொல்லுங்கள். கருவியின் மாடலையும் எழுதி வாங்குங்கள், புது ரிசீவர் பையனின் காதுக் கருவியோடு பொருந்த வேண்டும். ஆகஸ்டில் மாறுவதானால் ஜூன் மாதமே கேட்டுவிடுங்கள், கோடையில் இவர்களில் பலர் வேலையில் இருக்கமாட்டார்கள்.